ஒற்றை மணி

ட்ராமுக்கு ஸ்டியரிங் இல்லை என்பதை என் அறை நண்பர் நம்புவதற்கு இரண்டு கிழமை எடுத்தது.

ஜேர்மனியின் பீலெஃபெல்டில் அகதி விண்ணப்பம் கொடுத்தவர்களுக்கென்று ஒதுக்கிய பழைய விடுதி ஒன்றில், எண்பத்தாறாம் ஆண்டு, எங்கள் இருவரையும் ஒரே அறையில் விட்டார்கள். எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. யாழ்ப்பாணத்தில் நில அளவைக் கந்தோரில் படம் வரைகிறவனாக இருந்தேன். அவருக்கு நாற்பத்தொன்று. பருத்தித்துறை வீதியில் பதினைந்து வருடம் பஸ் ஓட்டியவர். நான் அவரைத் தம்பி என்பேன். அவர் என்னை அண்ணை என்பார். என்னிடம் ஒரு கட்டுப்போட்ட குறிப்பேடு இருந்தது. ஒவ்வொரு நாளும் பார்த்ததையும் அளந்ததையும் அதில் எழுதுவேன். இந்தக் கதையில் வரும் தூரங்களும் எண்ணிக்கைகளும் அதிலிருந்து எடுத்தவை. ஓர் எண்ணிக்கையைப் பற்றி மட்டும் கடைசியில் சொல்லவேண்டியிருக்கிறது.

முதல் தடவை ட்ராமில் ஏறியபோது அவர் ஆசனத்தில் இருக்கவில்லை. முன்னால் போய், சாரதியின் கண்ணாடித் தடுப்போடு முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றார். நாலு தரிப்பிடம் தாண்டி என்னிடம் வந்தார்.

“அண்ணை, அவன்ர கையில ஒண்டும் இல்லை.”

“ஆற்ர கையில?”

“றைவர்ர கையில. வளைவு வருது, இவன் சும்மா இருக்கிறான். ஒரு கையில தடி மாதிரி ஒண்டு. மற்றக் கையால மூக்கைச் சொறியிறான்.”

“தண்டவாளத்தில ஓடுறதுக்கு ஸ்டியரிங் எதுக்குத் தம்பி?”

“றெயிலுக்குச் சரி. இது றோட்டில எல்லோ ஓடுது! ஆள் குறுக்க வந்தா எப்பிடி ஸ்டியரிங்கை வெட்டி எடுக்கிறது?”

“வெட்டேலாது. நிப்பாட்டத்தான் ஏலும்.”

“நிப்பாட்ட இடம் காணாட்டி?”

அவர் தலையை ஆட்டினார். “மாடு, ஆடு, சைக்கிள், கலியாண ஊர்வலம் எல்லாத்தையும் வெட்டி எடுத்தனான் நான். பஸ் ஆளைக் கண்டா விலகும். இது பாத்துக்கொண்டே வரும்” என்றார். பிறகு வந்த நாட்களில் எந்த வளைவிலும் அவருடைய கைகள் மடியில் கிடந்தபடியே மெல்லத் திரும்புவதைக் கண்டேன். அவர் அறியாமல் அந்த வண்டியை அவர்தான் வளைத்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் கிழமையில் நாலு நாள், காலையில், ஒரு தேவாலய மண்டபத்தில் நடந்த ஜேர்மன் வகுப்புக்குப் போவோம். விடுதி வீதியின் ஒரு பக்கம். மண்டபத்துக்குப் போகும் பாதை மறுபக்கம். வீதியின் நடுவே இரண்டு தண்டவாளப் பாதைகள். ஊரில் ஒரு காணியை அளப்பதுபோல இந்த இடத்தையும் நான் அளந்து வைத்தேன். நடைபாதை விளிம்பிலிருந்து முதல் பாதைக்கு ஏழு அடிவைப்பு. அதைக் கடக்க இரண்டு. இரண்டு பாதைகளுக்கும் இடையே உள்ள வெளியில் ஓர் ஆள் பக்கவாட்டில் திரும்பினால் நிற்கலாம். அதைப் படமாக வரைந்து, அந்த வெளியில் ஒரு சிறிய மனித உருவத்தையும் பென்சிலால் போட்டிருந்தேன். அளவு காட்டுவதற்காகப் போட்டது. பின்னாளில் அந்தப் பக்கத்தைப் புரட்டும்போதெல்லாம் கையால் அதை மறைத்துக்கொள்வேன்.

ஒருநாள் நாயொன்று குறுக்கே ஓடியது. ட்ராம் மணியடித்து நின்றது. பிரேக் பிடித்தபோது வண்டி எந்த மின்கம்பத்துக்கு நேராக இருந்தது என்று எனக்கு நினைவிருந்ததால், பிறகு நடந்து பார்த்தேன். வண்டி நின்ற இடம்வரை ஐம்பத்திரண்டு அடிவைப்பு. தண்டவாளத்தின்மேல் மெல்லிய மணல் கிடந்தது. சில்லு வழுக்காமல் இருக்க வண்டியே மணலைக் கொட்டுகிறது என்று தரிப்பிடத்தில் நின்ற ஒரு முதியவர் கையசைத்து விளக்கினார். நாய் தப்பிவிட்டது.

சத்தத்தை நம்பக்கூடாது என்றும் எழுதியிருக்கிறேன். ஊரில் றெயில் வருவது ஒரு மைலுக்கு முன்பே தெரியும். கடவையில் படலை சாத்துவார்கள், நிலம் அதிரும். இங்கே கார்களின் இரைச்சலில் ட்ராம் மறைந்து வரும். பனி விழுந்த நாளில் சில்லுகளின் உராய்வும் கேட்காது. மேலே ஓடும் மின்கம்பி மட்டும் முதலில் மெல்ல நடுங்கும், ஆரோ தூரத்தில் அதைத் தொட்டுவிட்டதுபோல. பிறகு பார்த்தால் விளக்கு முன்னால் நிற்கும். எல்லாவற்றிலும் மோசம், ஒரு வண்டி போனதும் கடப்பது. போகும் வண்டியின் பின்னால் மறைந்து எதிர்த் திசை வண்டி வரும். முதல் வண்டியின் வால் விலகும்போதுதான் அதன் முகம் தெரியும்.

இதையெல்லாம் அவருக்கும் வாசித்துக் காட்டினேன்.

“அண்ணை, நீங்கள் ட்ராமைப் பற்றிப் படிக்கிறியளோ, பேயைப் பற்றிப் படிக்கிறியளோ?” என்று கேட்டார்.

அந்தக் கோடையில் எழுதிய இன்னொரு குறிப்பை இங்கே தரவேண்டும். விடுதிச் சமையலறையில் நானும் அவரும் எதிரெதிரே இருந்து தேநீர் குடித்தோம். நான் சீனியைக் கலக்கிவிட்டு, கரண்டியில் ஒட்டிய துளி விழட்டும் என்று கண்ணாடிக் குவளையின் விளிம்பில் இரண்டு தரம் தட்டினேன். மேசைக்குக் கீழே அவருடைய இடது கால் நிலத்தை அழுத்தியது. இடது கை கதிரையின் பக்கமாக இறங்கி, இல்லாத ஒன்றைப் பிடித்தது. அவர் கதைத்துக்கொண்டே இருந்தார். நான் இன்னும் ஒரு தரம் தட்டினேன், ஒரே ஒரு தரம். வலது கால் கீழே போனது.

“தம்பி, உம்மட காலைப் பாரும்.”

குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். “உடம்பு இன்னும் டிப்போவிலதான் நிக்குது.”

பிறகு விளக்கினார். ஊர்ப் பஸ்களில் கூரையோடு ஒரு கயிறு ஓடும். கொண்டக்டர் பின்னால் நின்று அதை இழுப்பார். முன்னால் சாரதியின் தலைக்கு மேல் மணி அடிக்கும். ஒரு மணி என்றால் நிப்பாட்டு, வலது கால் பிரேக்குக்குப் போகும். இரண்டு மணி என்றால் எடு, இடது கால் கிளச்சுக்கும் இடது கை கியருக்கும் போகும். எல்லோருக்கும் தெரிந்ததுதான். பஸ்ஸில் போன நானும் ஆயிரம் தரம் கேட்டதுதான். ஆனால் என் காலுக்கு அது தெரியாது.

“பதினொரு வருசம் ஒரே கொண்டக்டர், அண்ணை. நாங்கள் ஆளையாள் பாத்துக் கதைக்கிறதே இல்லை. மணிதான் கதை. எத்தினை பஸ் நிண்டாலும் அவன்ர மணி எனக்குத் தனியாத் தெரியும்.”

குவளையை மேசைமேல் சுழற்றினார்.

“ஒருநாள் ஒரு மணி அடிச்சவன். நான் நிப்பாட்டேல்லை.”

“ஏன்?”

“முன்னுக்குச் சந்தியில புகை. ஆமிக்காரன்ர ட்றக் நிக்குது. பக்கத்து ஒழுங்கையால சனம் ஓடி வருகுது, எங்கட பஸ்ஸில ஏற. அவங்களை ஏத்தத்தான் அடிச்சவன். நான் பிரேக்குக்குப் போன காலை எடுத்து அக்சிலேட்டரில வைச்சு அமத்தினன். கொஞ்சம் போய்க் கண்ணாடியில பாத்தா, பின் படியில அவன் இல்லை. குதிச்சிட்டான்.”

“பிறகு?”

“பிறகு ஒண்டும் இல்லை. பஸ்ஸைக் கொண்டுபோய் டிப்போவில விட்டன். அவன் வரேல்லை. அண்டைக்கும் வரேல்லை, பிறகும் வரேல்லை.”

குறிப்பேட்டில் இது ஆறு வரிகளில் இருக்கிறது. மணிக் கணக்குக்கு நாலு வரி, கொண்டக்டருக்கு இரண்டு வரி.

அதற்குப் பிறகு நான் அவருடைய கால்களைக் கவனிக்கத் தொடங்கினேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் அவர் சற்றுக் கண்ணயருவார். நான் யன்னலோடு இருந்து ஜேர்மன் சொற்களை எழுதுவேன். ஒரு பிற்பகல், அறையில் எந்தச் சத்தமும் இல்லாத நேரம், அவருடைய வலது கால் மெல்ல நீண்டு கட்டிலின் இரும்புச் சட்டத்தை அழுத்தியது. அப்படியே நின்றது. நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். பன்னிரண்டு விநாடி. ஓர் ஆள் படியில் ஏறுவதற்குப் போதுமான நேரம். பிறகு வலது கால் தளர்ந்து, இடது கால் அழுத்தி, விடுபட்டது. அவர் முகம் அமைதியாக இருந்தது. கதவுப் பக்கம் திரும்பிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

நவம்பரில் அவருடைய விண்ணப்பத்தை நிராகரித்துக் கடிதம் வந்தது. வழக்கறிஞர் மூலம் முறையீடு செய்தார். கடிதம் வந்ததிலிருந்து இரண்டு கிழமை கழித்து விசாரணைக்கு நாள் குறித்துத் தந்தார்கள். தான் ஏன் ஊரை விட்டு வந்தார் என்பதை அங்கே அவர் தன் வாயால் சொல்லவேண்டும். அவர் கலங்கியதாகத் தெரியவில்லை. சட்டையைத் தோய்த்து மடித்து வைத்தார். சொல்லவேண்டியதைத் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடிதம் வந்து ஆறாவது நாள் காலை கடும் பனிமூட்டம். எட்டு மணியாக இருபது நிமிடம் இருந்தது. வீதி விளக்குகள் இன்னும் எரிந்தன. ஒவ்வொரு விளக்கும் தன்னைச் சுற்றி மட்டும் வெளிச்சம் வைத்திருந்தது. அவர் எனக்கு ஐந்து அடிவைப்பு முன்னால் போனார். இடப்பக்கமிருந்து ஒரு ட்ராம் வந்து தரிப்பிடத்தில் நின்று, எங்களைத் தாண்டி வலப்பக்கம் போனது. அதன் வால் கடந்ததும் அவர் முதல் பாதையில் கால் வைத்தார்.

நடுவெளிக்கு வந்ததும் அவர் இடப்பக்கம் பார்த்தார். ஊரில் வாகனங்கள் இடது கரையால் போகும். ஆகவே வீதியின் மறுபாதியைக் கடக்கும்போது இடப்பக்கம் பார்க்கவேண்டும். அவர் பார்த்தது சரிதான், நாடுதான் வேறு. இடப்பக்கம் ஒன்றும் இல்லை. வலப்பக்கத்தில், போய்க்கொண்டிருந்த ட்ராமின் பின்னாலிருந்து, மற்ற ட்ராம் வெளியே வந்தது. இரைச்சல் இல்லை. மூட்டத்துக்குள் ஒரு விளக்கு பெரிதானது, அவ்வளவுதான்.

மணி அடித்தது. நான் எண்ணினேன். எண்ணுவது என் பழக்கம். வேண்டுமென்று எண்ணவில்லை. ஐந்து.

அவர் நின்றார்.

பயந்து திகைத்து நிற்கிறவர் உடம்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அது அப்படி இருக்கவில்லை. வலது காலை முன்னே வைத்து, தண்டவாளத்துக்கு அருகே நிலத்தில் அழுத்தினார். முழங்கால் மடிந்து, உடம்பின் பாரம் முழுதும் அந்தப் பாதத்தில் இறங்கியது. இடது கை இடுப்புக்குப் பக்கத்தில் தாழ்ந்தது. ட்ராமை அவர் பார்க்கவேயில்லை. முகத்தைச் சற்று உயர்த்தி, இடப்பக்கம் மேலே பார்த்தார். அங்கே மூட்டத்தைத் தவிர ஒன்றும் இல்லை. பஸ்ஸில் அந்த இடத்தில்தான் சாரதி பின்படியைப் பார்க்கும் கண்ணாடி இருக்கும் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

நான் கத்தினேன். என்ன சொல்லிக் கத்தினேன் என்று குறிப்பேட்டில் இல்லை.

ட்ராமின் உடம்பு தண்டவாளத்தைவிட அகலம். தண்டவாளத்தில் நிற்காதவரையும் அது இடிக்கும். சாரதி பிரேக் பிடித்துப் பிடித்து வேகத்தை நன்றாகக் குறைத்துவிட்டிருந்தார். வண்டியின் முன்மூலை அவருடைய வலது தோளிலும் விலாவிலும் பட்டது. பெரிய சத்தம் ஒன்றும் எழவில்லை. மாவுச் சாக்கை நிலத்தில் வைப்பதுபோல ஒரு சத்தம். பின்பக்கமாகத் தூக்கியெறியப்பட்டு இரண்டு பாதைகளுக்கும் நடுவே விழுந்தார், நான் படத்தில் உருவம் போட்டிருந்த அதே வெளியில். வண்டி பன்னிரண்டு அடிவைப்பு தாண்டி நின்றது. தண்டவாளத்தில் மணல் கிடந்தது.

அவருக்கு நினைவு இருந்தது. கண் திறந்திருந்தது. வலது கால் இன்னும் நீட்டியபடி விறைத்திருந்தது.

சாரதி இறங்கி வந்தார். என் வயதுக்காரர். பொலிஸ் வந்தபிறகும் ஒரே வார்த்தைகளைத் திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த அளவு ஜேர்மன் எனக்கு விளங்கியது. “மணி அவருக்குக் கேட்டது. கேட்டபிறகுதான் நின்றார். ஏன் நின்றார்?”

அந்தக் கேள்வி எங்களுக்கு முன்பே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. காறை எலும்பும் மூன்று விலா எலும்புகளும் உடைந்திருந்தன. கட்டுப்போட்டு, ஊசி போட்டு, பிற்பகலில் அவரைக் கட்டிலில் கிடத்தினார்கள். ஐம்பது வயது மதிக்கத்தக்க வைத்தியர் அம்மா ஒருவர் வந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியும். எனக்கும் தெரியும். நான் நடுவில் நின்று மொழிபெயர்த்தேன்.

“மணி கேட்டதா?”

“ஓம், கேட்டது” என்றார் நண்பர்.

“கேட்டதும் என்ன செய்தீர்கள்?”

“நிப்பாட்டினன்.”

கேட்டார், நின்றார். நான் சொல்லுக்குச் சொல் சரியாக மொழிபெயர்த்தேன். வைத்தியர் எழுதினார். அண்மையில் இவருக்கு ஏதாவது கெட்ட செய்தி வந்ததா என்று என்னைக் கேட்டார். நான் பொய் சொல்வதில்லை. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதைச் சொன்னேன். அதையும் எழுதினார். பிறகு பேனையை மூடிவிட்டு, மிகவும் அன்பாகவே சொன்னார். இவர் சாகவென்று ட்ராமுக்கு முன்னால் நின்றிருக்கிறார் என்றே கருதவேண்டியிருக்கிறது. நாளை மத்தியானம் வேறோர் ஆஸ்பத்திரியின் மனநோய்ப் பிரிவுக்கு அனுப்புவோம். பூட்டிய பிரிவு. அவருடைய நன்மைக்குத்தான். சில கிழமைகள் ஆகலாம்.

நண்பர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னவாம், அண்ணை?”

சொன்னேன்.

“பூட்டப் போறாங்களோ?” எழும்ப முயன்று, நோவில் மறுபடி சாய்ந்தார். “அண்ணை, நான் சாகப் போகேல்லை. சொல்லுங்கோ அவவுக்கு. விசாரணைக்கு இன்னும் எட்டு நாள்தான் கிடக்கு. உள்ளுக்கை போனா வெளிய விடமாட்டாங்கள். விட்டாலும், நான் சொல்லுறதெல்லாம் விசரன்ர கதை எண்டு எழுதிப்போடுவாங்கள்.”

“அப்ப ஏன் நிண்டனீர்?”

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார், தெரிந்த ஒன்றை நான் கேட்டுவிட்டதுபோல.

“மணி அடிச்சது எண்டு சொன்னனானெல்லோ.”

திரும்பிப் போகும் ட்ராமில் நான் ஆசனத்தில் இருக்கவில்லை. முன்னால் போய், அவர் முதல்நாள் நின்ற இடத்தில் கண்ணாடியோடு நின்றேன். இந்தச் சாரதி வேறோர் ஆள். ஒரு சைக்கிள்காரனுக்காக மணியைக் காலால் அழுத்தினார். கால்! அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. அறைக்கு வந்து குறிப்பேட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன். கோடைக் காலத்துப் பக்கத்தில் இருந்தது: கரண்டி, குவளை, ஒரு மணி, இரண்டு மணி, வலது கால், இடது கால்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கே வைத்தியரின் அறை வாசலில் நின்றேன். பக்கத்தைத் திறந்து வைத்து, அந்தத் தமிழை ஆங்கிலத்தில் வாசித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். ஆனால் நம்பவில்லை. நண்பனைக் காப்பாற்ற வந்தவன் என்று என்னைப் பார்த்த பார்வை அது.

“வாசித்தது உண்மையென்றால் இப்போதும் அது வேலை செய்யவேண்டும்” என்றேன். “அவருக்குச் சொல்லாமல் செய்து பாருங்கள்.”

இருவரும் வார்டுக்குப் போனோம். சூப்பில் உப்பில்லை என்று அவர் என்னிடம் முறையிடத் தொடங்கினார். வைத்தியர் கட்டிலின் தலைமாட்டில் நின்று, ஏதோ நினைவில் செய்வதுபோல, இரும்புச் சட்டத்தில் பேனையால் இரண்டு தரம் தட்டினார்.

போர்வைக்குக் கீழே இடது கால் அழுத்தி விடுபட்டது.

“உப்பு இல்லாட்டிலும் பரவாயில்லை, கொஞ்சம் மிளகாவது போடலாமெல்லோ” என்றார் நண்பர்.

வைத்தியர் ஒரு தரம் தட்டினார். வலது கால் நீண்டது. போர்வை இழுபட்டது. வைத்தியர் கால்மாட்டுக்கு வந்து, போர்வையை மெதுவாக விலக்கினார். பாதம் கட்டிலின் பலகையில் முழுதாகப் பதிந்து, விரல்கள் வெளுத்திருந்தன. அது பலகையை விட்டு எடுபடவில்லை. நண்பர் இன்னும் சாப்பாட்டைப் பற்றியே பேசினார். இடுப்புக்குக் கீழே வேறோர் ஆள் கிடப்பதுபோல இருந்தது. வைத்தியர் என்னைப் பார்த்தார். பிறகு, விடுவிக்கவேண்டும் என்று தோன்றியிருக்கவேண்டும், இரண்டு தரம் தட்டினார். கால் தளர்ந்தது.

வெளியே நடைகூடத்தில் வைத்தியர் கேட்டார். “அப்படியென்றால் நேற்று ட்ராம் ஒரு மணிதான் அடித்தது, இல்லையா?”

குறிப்பேடு என் கையில் இருந்தது. என் விரல் முந்திய நாள் பக்கத்தில் இருந்தது. ‘மணி ஐந்து’ என்று அங்கே எழுதியிருந்தது. சாரதியும் பலமுறை அடித்ததாகத்தான் பொலிசுக்குச் சொல்லியிருந்தார். ஐந்து தரம் அடித்தால் அதற்கு எந்த அர்த்தமும் இல்லை. ஐந்து தரம் கேட்டு எந்தச் சாரதியும் நிறுத்தமாட்டான்.

“ஒரு மணி என்றால் நிறுத்து” என்று சொல்லிக் குறிப்பேட்டை மூடினேன். அது பொய் இல்லை. கேட்ட கேள்விக்குப் பதிலும் இல்லை.

அவரைப் பூட்டிய பிரிவுக்கு அனுப்பவில்லை. வைத்தியர் தன் கைப்பட ஒரு கடிதம் எழுதித் தந்தார். தொழிற்பழக்கத்தால் நேர்ந்த தவறு என்று அதில் இருந்தது. எட்டாம் நாள் கட்டுப்போட்ட தோளோடு, மடித்து வைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, அவர் விசாரணைக்குப் போனார். ஒரு வருடத்துக்கு மேல் இழுபட்டு, கடைசியில் தங்கலாம் என்று தீர்ப்பு வந்தது.

தெருவைக் கடக்க அவரைப் பழக்குவது என் பொறுப்பாயிற்று. முதல் பாதைக்கு இடம் பார், மறுபாதைக்கு வலம் பார். போன வண்டியின் வால் கண்ணுக்கு மறையும்வரை அசையாதே. மணி கேட்டால் நிற்காதே, பின்வாங்கு. வாய்ப்பாடுபோல ஒவ்வொரு காலையும் சொல்லவைத்தேன்.

“அண்ணை, பஸ் ஓட எனக்கு மூண்டு மாதம்தான் படிப்பிச்சவங்கள். நடக்க நீங்கள் ஆறு மாதமாப் படிப்பிக்கிறியள்.”

“பஸ்ஸில பிழைவிட்டா வெட்டி எடுப்பீர். இதில?”

“இதில நீங்கள் என்னைச் சட்டையில பிடிச்சு எடுப்பியள்.”

அது உண்மை. ஒரு வருடம் அவருடைய சட்டைப் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டே கடந்தேன். ஒருவர் சட்டையை மற்றவர் பிடித்தபடி போகும் இரண்டு நடுவயது ஆட்களைப் பார்த்து, தரிப்பிடத்தில் நின்ற ஜேர்மன்காரர்கள் சிரித்தார்கள். மெல்ல மெல்ல அவருடைய கால் மறந்தது. சமையலறையில் கரண்டி தட்டினாலும் அசையாமலிருந்தது. மத்தியானத் தூக்கத்தில் மட்டும் எப்போதாவது ஒருதரம், பன்னிரண்டு விநாடி.

எண்பத்தொன்பது வசந்த காலத்தில் நான் வேறொரு வீட்டுக்கு மாறினேன். போகும் நாள் காலை, அவர் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தரிப்பிடம்வரை வந்தார். அதே இடம். நல்ல வெயில். இரண்டரை வருடமாகக் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டேன்.

“தம்பி, அண்டைக்கு மணி எத்தினைதரம் அடிச்சது?”

“ஒருக்கா.”

“நான் எண்ணினனான். அஞ்சு.”

“ஓம், ஓம்” என்றார், அதில் சந்தேகமே இல்லாததுபோல. “ட்ராம்காரன் அஞ்சுதரம் அடிச்சவன். அது எனக்கும் கேட்டது. நான் சொல்லுறது மற்ற மணியை.”

“எந்த மற்ற மணி?”

“அவன்ர மணி, அண்ணை. நான் சொன்னனானெல்லோ, எத்தினை மணிக்கு நடுவில அடிச்சாலும் அது எனக்குத் தனியாத் தெரியுமெண்டு.” பெட்டியை நிலத்தில் வைத்தார். “ஒருக்கா நிப்பாட்டாமல் போயிட்டன். ரெண்டாந்தரமும் எப்பிடிப் போறது?”

மேலே கம்பி நடுங்கத் தொடங்கியது. அவர் என்னுடைய சட்டையைப் பின்னால் பிடித்து நடைபாதைக்கு இழுத்தார். ட்ராம் வந்து நின்றது. நான் ஏறினேன். புறப்படும்போது திரும்பிப் பார்த்தேன். அவர் கையசைக்கவில்லை. ட்ராமின் பின்கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார், எல்லோரும் ஏறிவிட்டார்களா என்று பார்க்கிறவர்போல.

அன்று பின்னேரம் பழைய குறிப்பேட்டைத் தேடி எடுத்தேன். ‘மணி ஐந்து’ என்ற இடத்தை வெட்டவில்லை. அது சரியான எண்ணிக்கை. பக்கத்தில் வேறு மையால் இப்படிச் சேர்த்தேன்: ‘மேலும் ஒன்று. அதை நான் கேட்கவில்லை.’